காற்று எதிர்க்கும் ஆறு

சென்ற வாரம் குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து, எகிப்தின் அசுவானில் பாய்மரப் படகொன்றில் கழித்த இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே சித்தப்பா இடைமறித்தார்: "ஏல, அவ்வளவு பெரிய ஆத்துல தண்ணிய எதுத்து, எஞ்சினும் இல்லாம எப்பிடில போவான்?" தாமிரபரணிக் கரையிலேயே வளர்ந்தவருக்கு எழ வேண்டிய கேள்விதான் அது. நம் ஆறு மேற்கே பொதிகையில் பிறந்து கிழக்கே புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. ஆனி, ஆடியில் மலையிடுக்குகள் வழியே இறங்கும் மேல்காற்றும் அதே திசையில்தான் வீசுகிறது. காற்றும் தண்ணீரும் ஒரே பக்கமாகத் தள்ளும்போது பாயை விரித்தால் கடலுக்குப் போகலாமே ஒழிய, பாபநாசத்துக்குத் திரும்பி வர இயலாது.

நைல் அப்படியன்று. அது தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்றோ ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. ஆகையால் ஆற்றை எதிர்த்துத் தெற்கே போகிறவன் பாயை விரிக்கிறான்; வடக்கே போகிறவன் பாயை இறக்கிவிட்டு நீரோட்டத்தை நம்பிப் போகலாம். பழைய எகிப்தியர் தங்கள் சித்திர எழுத்தில் தெற்கு நோக்கிய பயணத்துக்குப் பாய் விரித்த படகையும், வடக்கு நோக்கிய பயணத்துக்குப் பாய் இல்லாத படகையும் வரைந்தார்கள் என்று நான் சொன்னபோது, சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

அந்தப் படகுக்கு ஃபெலுக்கா என்று பெயர். அகன்று, அதிக ஆழமில்லாமல் இருக்கும். நம் கடற்கரைக்காரர்கள் பருமல் என்று சொல்லும் நீண்ட குறுக்குக்கழி பாய்மரத்தின் மேல் சாய்ந்து நிற்க, அதில் பெரிய முக்கோணப் பாய் கட்டியிருந்தது. அறையும் கழிப்பறையும் கிடையாது. தளம் முழுவதும் மெத்தை, மேலே ஒரு துணிப்பந்தல், அவ்வளவுதான். நாங்கள் போனது வடக்கே. ஆனாலும் எதிர்க்காற்று பலமாக இருந்ததால், வெறும் நீரோட்டத்தை மட்டும் நம்பாமல், பாயை விரித்தபடியே கரைக்குக் கரை சாய்வாக ஓட்டினார்கள். ஒவ்வொரு கரையை நெருங்கும்போதும் சுக்கானைத் திருப்ப, பாய் படபடத்து மறுபக்கம் சாயும். பிற்பகல் முழுவதும் அதைப் பார்த்தபடியே இருந்தேன், சலிக்கவே இல்லை.

இருட்டுவதற்குள் மணற்கரையில் முளையடித்துப் படகைக் கட்டினார்கள். இளைஞர் ஒருவர் வெறுங்காலோடு பருமலின் மேல் ஏறிப் பாயைச் சுருட்டிக் கட்டினார். படகோட்டிகள் இருவரும் நூபியர்கள். 1960களில் அசுவான் உயர் அணை எழுந்தபோது ஊர் ஊராகத் தண்ணீருக்குள் இழந்த மக்கள் அவர்கள். அதை அறிந்திருந்ததால், அவர்கள் தட்டிப் பாடிய பாட்டை வெறும் பொழுதுபோக்காக என்னால் கேட்க முடியவில்லை.

தை மாதக் குளிரில் இரண்டு கம்பளிகள் போதவில்லை. உறக்கம் பிடிக்காமல் கிடந்த எனக்கு, படகின் அடியில் தண்ணீர் தட்டும் ஓசையும், கயிறு இறுகித் தளரும் முனகலும் கேட்டுக்கொண்டே இருந்தன. எஞ்சின் ஓடும் படகில் இவை காதுக்கு எட்டியே இருக்காது. பதினொரு மணி அளவில், விழித்திருந்த மூத்த படகோட்டி, ஆறு வரும் தெற்குத் திசையில் தாழ்வாக ஒளிர்ந்த விண்மீனைக் காட்டி, "சுஹைல்" என்றார். நாம் அகத்தியர் என்று சொல்லும் அதே விண்மீன். அங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 13 பாகைக்கு மேல் அது ஏறுவதில்லை. திருநெல்வேலியிலோ அதைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு வரும்.

இருட்டிய பிறகு படித்துறையிலிருந்தே அதைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். "நம்ம பொதிகைக்காரரா அங்கயும் நிக்காரு?" என்று கேட்டவர், வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் வெகுநேரம் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.