பட்டையா, சென்சார் எர்த்தா?

ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்ததும் ஐடிலிங் தள்ளாடுகிறது, சில சமயம் வண்டி நின்றே போகிறது. புகார் அவ்வளவுதான். கோவை செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓடும் மாருதி எஸ்டீம்; இஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவுசெய்யும் கம்ப்யூட்டரான கம்பெனி இசியூவைக் கழற்றிவிட்டு, ட்யூன் செய்துகொள்ளும் வகை இசியூ போட்டிருந்தார்கள். ஒயரிங் செய்தவர் எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் அண்ணா என்று கூப்பிடும் மூத்த எலக்ட்ரீஷியன். மறுநாள் ரேஸ். அவரையும் வரச்சொல்லியிருந்தார் வண்டிக்காரர்.

லேப்டாப்பைச் செருகிப் பார்த்தால், ஃபேன் ஓடின நொடியில் இஞ்சின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் வோல்ட் இறங்குகிறது, கூடவே ஆக்ஸிலரேட்டர் அழுத்தத்துக்கேற்ப மாறும் த்ராட்டில் சென்சாரும். ஆக்ஸிலரேட்டரை யாரும் தொடவில்லை. இரண்டு சென்சார் ஒரே நொடியில் கெடாது. மீட்டரைப் பாடிக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவே வைத்தேன். ஃபேன் நிற்கும்போது 0.1 வோல்ட், ஓடினால் 0.4.

வண்டி ஓடும்போது கரன்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர், அது இஞ்சினோடு இருக்கிறது. ஃபேனும் பெட்ரோல் பம்பும் எடுத்த கரன்ட் பாடி வழியாக இஞ்சினுக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கு வழி, பாடியையும் இஞ்சினையும் இணைக்கும் எர்த் பட்டை. அந்தப் பட்டையில் 0.02 ஓம் இருந்தாலே ஃபேனின் 15 ஆம்பியருக்கு 0.3 வோல்ட் விழும். அண்ணா இசியூவுக்குப் பாடியில் எர்த் கொடுத்திருந்தார். சென்சார்களின் எர்த் ஒயர்களை எல்லாம் இஞ்சினில் இருக்கும் மேனிஃபோல்டு போல்ட்டில் சேர்த்திருந்தார். இசியூ நிற்கிற தரை ஒன்று, சென்சார்கள் நிற்கிற தரை இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே 0.3 வோல்ட் பள்ளம் விழுந்தால், இஞ்சின் குறைவாகக் காற்று இழுக்கிறது என்று இசியூ எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைத்துவிடும்.

"பட்டைய மாத்து கண்ணு, சரியாப் போயிரும்" என்றார் அண்ணா.

"மாத்தறேங்ணா. சென்சார் எர்த்தையும் இசியூ கனெக்டர் பின்னுக்கே கொண்டுபோயிரலாம்."

"அதும் இதும் உள்ள போய் ஒண்ணாத்தான சேருது?" என் கையிலிருந்த மீட்டரை வாங்கி, இசியூவின் சென்சார் எர்த் பின்னில் ஒரு முனை, இசியூவின் சொந்தக் கரன்ட் திரும்பும் பவர் எர்த் பின்னில் ஒரு முனை வைத்தார். பீப் அடித்தது. "பாத்தியா?"

அவர் சொன்னது தப்பில்லை. நிறைய இசியூக்களில் போர்டுக்குள் இரண்டும் ஓரிடத்தில் சேரத்தான் செய்கின்றன. "கரன்ட் போகாதப்ப ஒண்ணுதாங்ணா" என்றேன். பீப் அடிக்கிற மீட்டருக்கு 0.02 ஓம் கண்ணிலேயே படாது; 15 ஆம்பியர் ஓடினால்தான் அது வெளியே வரும். அவர் விடவில்லை. "அப்ப ரெண்டு எடத்துலயும் சேத்துக் குடுத்துரு, பலமா இருக்கும்."

அங்கேதான் என் குரல் உயர்ந்தது. செல்ஃப் அடித்தால் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும். இந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவ் பாடியில். பட்டை லூசானால் அந்தக் கரன்ட் வேறு வழி தேடும். அப்போது சென்சார் ஒயர் வழியாக இசியூ போர்டுக்குள் புகுந்து, அங்கிருக்கும் மயிரிழைச் செம்பைக் கருக்கிவிடும். பட்டை விட்டுப்போன வண்டியில் அந்தக் கரன்ட் பாய்ந்து ஆக்ஸிலரேட்டர் கேபிள் புகைவதை அவரும் பார்த்தவர்தான். சொன்னேன். அவர் பேசாமல் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

பட்டையைக் கழற்றினால், அதன் முனையில் போல்ட் மாட்டும் லக்குக்கு அடியில் புது பெயின்ட், ஸ்பேனர் தடம் பதிந்து. இஞ்சின் பே முழுக்க வெள்ளை அடித்துவிட்டு, சுரண்டாமல் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். அடித்தது வண்டிக்காரரின் பசங்க. இரும்பு தெரியும்வரை சுரண்டிப் புதுப் பட்டை போட்டேன். அதே கையோடு சென்சார் எர்த்களை இசியூ பின்னுக்கும், இசியூவின் பவர் எர்த்களைப் பிளாக்குக்கும் மாற்றினேன். ஃபேன் ஓடியது, மேப் அசையவில்லை.

"எது காரணம் ப்ரோ?" என்றார் வண்டிக்காரர்.

"சென்சார் எர்த்" என்றேன். அண்ணா பக்கத்தில் நின்றிருந்தார்.

பொய் சொல்லவில்லை. சென்சார் எர்த் ஒழுங்காக இருந்தால் பட்டை கெட்டாலும் அளவு பிசகாது. ரேஸ் வண்டியின் அதிர்வில் எந்தப் பட்டையும் ஒருநாள் தளரும். என் வாதம் இன்றைக்கும் அதுதான். ஆனால் அண்ணாவின் ஒயரிங் பெயின்ட் அடிக்கும்வரை ஓடிக்கொண்டுதானே இருந்தது? பட்டையை மட்டும் மாற்றியிருந்தாலும் அன்றைக்கு வண்டி சரியாகியிருக்கும். மறுநாள் ரேஸ் இருக்கும்போது ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க யாருக்கு நேரம்? சரி, ரேஸ் முடிந்த பிறகு வண்டி என் ஷெட்டில்தான் நின்றது. பழைய பட்டையைத் திரும்ப மாட்டி அளந்திருக்கலாம். அளக்கவில்லை. அளந்து என்ன ஆகப்போகிறது, விடை ஏற்கெனவே தெரியும்: இரண்டும் சேர்ந்துதான். அது தெரிந்திருந்தும் ஏன் ஒன்றை மட்டும் சொன்னேன்?

"பட்டை" என்றால் பழி பெயின்ட் அடித்த பசங்க மேல் விழும், அதாவது பணம் கொடுப்பவர் மேல். அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்போதுதான் எர்த்தைப் பற்றி வாதாடி முடித்திருந்தேன், வாயில் அதுதான் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டிக்காரர் அண்ணாவைக் கூப்பிடவில்லை. அண்ணா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை; பார்த்தால் டீ சொல்கிறார், பேசுகிறார். "ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று ஒருதடவை சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

இப்போது அதே ஆள் அடுத்த வண்டி கொண்டுவந்திருக்கிறார். பேட்டரியை டிக்கிக்கு மாற்றச் சொல்கிறார். அப்படியானால் பேட்டரி நெகட்டிவிலிருந்து பிளாக்வரை தடிமனான கேபிள் ஒன்றை இழுக்க வேண்டும், பெயின்ட் இல்லாத இடமாகப் பார்த்து முறுக்க வேண்டும், மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் என்றேன். பில்லை ஏற்றப் பார்க்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"அதெல்லாம் எதுக்கு ப்ரோ? சென்சார் எர்த்த மட்டும் கரெக்ட்டா குடுத்தா போதும்னு நீங்கதான சொன்னீங்க" என்றார்.