பட்டம் இருந்தால் ஆசிரியரா?

பிள்ளையிடம் பட்டம் இருக்கிறது, பள்ளி வாரியத் தலைவரும் தெரிந்தவர், அப்புறம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலைக்கு என்ன தடை? மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த் பக்கம் இன்னும் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள். அவற்றுள் அரசு உதவி பெறும் பள்ளியில் நிலமும் கட்டடமும் வாரியத்தின் கவலை. நிரந்தர ஆசிரியரை நியமிப்பது கல்விச் சேவை ஆணையம், அதாவது எஸ்.பி.பி. அங்கே வாரியத் தலைவர் தலையிட வழியில்லை.

எஸ்.பி.பி. இரண்டு தகுதிகளைப் பார்க்கும். ஒன்று அக்காடமிக், அதாவது கல்வித் தகுதி; மற்றது இக்திசாஸ், அதாவது ஆசிரியர் தொழில் தகுதி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் முடித்தவரிடம் முதலாவது மட்டுமே இருக்கும். இரண்டாவதற்குப் பட்டத்துக்குப் பிந்திய கல்வி டிப்ளோமா படித்தாக வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி என்ற கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கல்விப் பட்டத்திலும், ஐ.பி.ஜி. என்ற ஆசிரியர் பயிற்சிக் கழகத்தின் பிஸ்ம்ப் எனும் ஆசிரியப் பட்டத்திலும் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பலர் இடறி விழும் இடம் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ முடிவுத் தேர்வின், மலாய்மொழிப் பாடம். குறைந்தது 'சி', அதாவது கிரெடிட், வேண்டும். 'டி', 'இ' எடுத்தாலும் தேர்ச்சிதான், சான்றிதழும் கிடைக்கும். ஆசிரியர் பதவிக்கு மட்டும் உதவாது. முதல் வகுப்பில் பட்டம் வாங்கியிருந்தாலும் விதி மாறாது. அந்தப் பாடத்தை மட்டும் எஸ்.பி.எம். உலாங்கான் என்ற மறுதேர்வில் மறுபடி எழுதலாம். பட்டமளிப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல், படிக்கும்போதே எழுதி முடித்துவிடுவதே புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டில் பட்டம் படிக்க நினைப்பவர்கள், கட்டணம் கட்டுமுன் பொதுச் சேவைத் துறை அங்கீகரித்த படிப்புகளின் இ-சிஸ்ராஃப் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகத்தோடு அந்தப் படிப்பும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். உள்ளூர்த் தனியார் கல்லூரி என்றால், படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ. அமைப்பின் பதிவேட்டைப் பாருங்கள். ஏஜெண்டு வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும். ஐசியில், அதாவது அடையாள அட்டையில், 'மகள்' என்பதைக் குறிக்கும் 'ஏ/பி' இருக்கும், பட்டத்தில் இருக்காது. 'சரஸ்வதி' ஒன்றில் 'வி' எழுத்தோடும் இன்னொன்றில் 'டபிள்யூ'வோடும் இருக்கும். நேர்முகத்தேர்வு மேசையில் இதை விளக்கிக்கொண்டிருப்பதைவிட, முன்கூட்டியே ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்து மூலச்சான்றிதழ்களோடு கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

டியூஷன் சென்டருக்கு வாங்கிய பெர்மிட் மெங்காஜார், அதாவது கற்பிக்கும் அனுமதி, இக்திசாஸ் கணக்கில் சேராது. தற்காலிக ஆசிரியராக எத்தனை ஆண்டு வேலை செய்திருந்தாலும் அது அனுபவம்தான், இக்திசாஸ் ஆகிவிடாது.

நியமனம் கிடைத்தால் டிஜி9 என்ற பதவி நிலை. 2024 டிசம்பருக்கு முன் டிஜி41 என்றது இதைத்தான். பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுவரை தகுதிகாண் காலம்.

ஐ.பி.ஜி.க்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் துறைப் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.கே. (தேசியப்பள்ளி) என்றிருக்கிறதா, எஸ்.ஜே.கே.டி. (தமிழ்ப்பள்ளி) என்றிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். சபா, சரவாக்கில் தமிழ்ப்பள்ளிகள் இல்லை, எஸ்.ஜே.கே.டி. துறைக்காரர் தீபகற்பத்துக்குள்தான் பள்ளி மாறுவார். தேசியப்பள்ளித் துறையைத் தேர்ந்தெடுத்தவருக்குக் கடல் தாண்டி அங்கே போகச் சொல்லியும் கடிதம் வரலாம்.