பேர வாவியும் பூட்டிய தண்ணீரும்
கொழும்பின் பேர வாவியைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துகிறோம். ஒரு காலத்தில் அதன் கரைக் கிடங்குகளிலிருந்து சரக்கு படகேறித் துறைமுகத்துக்குப் போனது. வாவியின் மட்டம் வேறு, கடலின் மட்டம் வேறு, நடுவில் நீர்ப்பூட்டு, அதாவது இரு முனையிலும் கதவுள்ள நீர்த்தொட்டி. படகு நுழைந்ததும் கதவை மூடி மதகைத் திறந்தால் போதும், தண்ணீரே அதை ஏற்றி இறக்கிவிடும். பம்பு வேண்டியதில்லை. இரட்டைக் கதவுகள் மேல்நீரைப் பார்த்துக் கூம்பி நிற்பதால், நீர் அழுத்த அழுத்த இன்னும் இறுகும். என்ன மூளை!

அமெரிக்காவின் மேல் மிசிசிப்பி ஆற்றில் இப்படி அணையும் பூட்டும் சேர்ந்த 29 இடங்கள். அணைகள் ஆற்றைப் படிக்கட்டாக்கி, 9 அடி ஆழத்தைக் காக்கின்றன. ஒன்றாகக் கட்டிய 15 சரக்கு மிதவைகளை ஒரே படகு தள்ளிவரும். 600 அடிப் பூட்டில் அவை கொள்ளாது, இரண்டாகப் பிரித்துத்தான் அனுப்புவார்கள். ஒன்றரை மணி நேரம் போய்விடுமாம். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லொறிக்குப் பின்னால் நிற்கும் நமக்கு அதெல்லாம் ஒரு தாமதமா?