கடலில் கால் நனைக்கப் போன கதை

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "தரங்கம்பாடிக்குப் போய் கடல்ல கால் நனைச்சுட்டு வரலாமா?"

எதிர்வீட்டு அக்கா போய்வந்து போன் நிறைய படம் காட்டியிருந்தார். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, முன்பக்கத்தைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நிற்கிற மாசிலாமணிநாதர் கோயில். அம்மா அதையெல்லாம் சடசடவென்று தள்ளிவிட்டார். அக்காவின் சேலைக் கரை உப்புத் தண்ணீரில் நனைந்திருந்த படத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஐந்தாறு மணி நேரம். விடிகாலையில் கிளம்பினால் முடிந்தது வேலை. பெரியப்பா காதில் மட்டும் போடாமல் இருந்திருக்க வேண்டும்.

"மாயவரத்துல இருந்து தரங்கம்பாடிக்கு ரயிலே போகுதேடா!"

போனது. 1980களிலேயே நிறுத்திவிட்டார்கள். சொன்னால், "நான் போயிருக்கேன்டா" என்கிறார். போயிருப்பார்.

சரி, ரயில் இல்லை என்றால் வேன். வேன் என்றால் நாமக்கல் வழி. நாமக்கல் வழி என்றால் ஆஞ்சநேயரைப் பார்க்காமல் போக முடியுமா? அவர் பின்னாலேயே வரிசையாக வந்தார்கள்: வைத்தீஸ்வரன்கோயில், திருநள்ளாறு (எனக்கு ஏழரை நடக்கிறதாம், ஜாதகம் பார்க்கவில்லை, என் சம்பளத்தை வைத்தே சொல்லிவிட்டார்கள்), திருக்கடையூர். திருக்கடையூர் என்றதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு எழுபது. பீமரத சாந்தியை அங்கேயே வைத்துவிடலாமே? வைக்கலாம். வைத்தால் பங்காளிகளை விட முடியாது, பெரியம்மா பக்கம் சம்பந்திகளை அதைவிட விட முடியாது. பன்னிரண்டு சீட் வேன் பஸ்ஸானது. சமையலுக்கு ஆள் பேசினார்கள். என் அக்கா பட்டுச்சேலை எடுக்கக் கடைக்கே போய்விட்டாள். மாப்பிள்ளை மட்டும் கடலை மறக்கவில்லை. சூரியன் கடலுக்குள் இறங்கும்போது எல்லோரும் குதிக்கிற மாதிரி ஒரு போட்டோ என்றார். கிழக்குக் கடற்கரை மாப்பிள்ளை, சூரியன் நமக்கு முதுகுப் பக்கம்தான் இறங்கும் என்று யார் சொல்வது? வீட்டு மாப்பிள்ளையாயிற்றே.

பெரியப்பா காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிய திட்டத்தில் கடலுக்கு ஒதுக்கியிருந்தது 25 நிமிடம். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'டீ உட்பட'.

இத்தனையும் பேசி முடித்து நாள் குறித்தபோது ஆடி பிறந்து, கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள். பூச்சாட்டின பிறகு வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பஸ்ஸுக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

அப்பாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. "மேட்டூர்ல ஜூன் 12 திறந்துவிடற தண்ணிதான அங்க போய்க் கடல்ல கலக்குது? நம்ம தண்ணியப் பார்க்க நாம எதுக்கு அவ்வளவு தூரம் டீசல் போடணும்?" என்றார். இந்தக் கேள்விக்கு இன்று வரை எங்களிடம் பதில் இல்லை.

ஆக, போன ஞாயிற்றுக்கிழமை மேட்டூர். அணைக்கட்டு முனியப்பனுக்கு ஒரு கோழி. பெரியப்பா அங்கேயும் காலண்டர் தாளை மடித்து எடுத்து வந்திருந்தார். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அம்மா மட்டும் தண்ணீர்ப் பக்கம் போனார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் நின்றார். நானும் போனேன்.

"ஏங்கண்ணு, இது கடலுக்குப் போய்ச் சேர எத்தனை நாளாகும்?"

"கல்லணைக்கே மூணு நாள் ஆகும்மா. அதுக்கப்புறம் வழியெல்லாம் வயலு."

ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு படி இறங்கினார். செருகியிருந்த சேலையை அவிழ்த்துவிட்டார். கரை தண்ணீரில் விழுந்து, இழுத்த பக்கமெல்லாம் மிதந்து, நன்றாக நனைந்தது.

"இப்ப எடு. பின்னாடி அணை தெரியாம எடு."