63 வயசுல வண்டி மாத்துனேன், புல்லட்டுலேருந்து 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கு

எங்க தெரு தண்டையார்பேட்டைல, ரெண்டு பைக் எதிர எதிர வந்தா ஒருத்தர் நின்னு வழி விடணும், அவ்ளோதான் அகலம். வீட்டு வாசப்படிய ஒட்டித்தான் வண்டி நிக்கும். விடியக்காலம் வாசல் தெளிச்சு கோலம் போடணும்னா புல்லட்ட நகத்தணும், என் வீட்டுக்காரம்மாவால அத அசைக்க முடியாது, அதனால தினமும் அஞ்சரைக்கு என்ன எழுப்புவாங்க, நான் எழுந்து வந்து ரெண்டடி தள்ளி வச்சுட்டு திரும்ப போயி படுப்பேன். 30 வருஷத்துக்கு மேல இப்டியே ஓடிச்சு.

புல்லட்னா எனக்கு சும்மா ஒரு வண்டி கெடையாது. எங்க மாமா வீடு திருவொத்தியூர், என்ஃபீல்ட் கம்பெனி அங்கதான, 1955ல ஆரம்பிச்ச கம்பெனி. சின்ன வயசுல லீவுக்கு அங்க போனா அந்த சத்தத்த கேட்டுட்டே தான் இருப்போம். வேலைக்கு சேந்து கையில காசு வந்ததும் 1992ல வாங்குனேன், அந்த கால மாடல், வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக், ஆம்பியர் முள்ள பாத்து, கிக்கர லேசாக்குற டீகம்ப்ரஷர புடிச்சு கரெக்டா ஒரு உதை உட்டா புடிச்சிக்கும். மணலிக்கு 26 வருஷம் அதுலதான் ஷிஃப்ட்டுக்கு போய் வந்தேன். பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்கு சொல்ல ஓடுனதும் அதுலதான்.

2025 ஜூன் கடைசி, மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு போட்டுங்க கடலுக்கு போயி திரும்பி வர ஆரம்பிச்ச நேரம். ரெண்டு மாசமா நல்ல மீனே கண்ணுல படல, அதனால காலைல நாலரைக்கே காசிமேடு போயிட்டேன். வஞ்சிரம் ஒண்ணு, கொஞ்சம் சங்கரா வாங்கி பைய ஹேண்டில்ல மாட்டிட்டு கெளம்புறேன், முன்னாடி ஐஸ் பொட்டி ஏத்துன வண்டி ஒண்ணு டக்குனு நின்னுச்சு. நானும் பிரேக் புடிச்சு இடது கால ஊனுனேன். தரையெல்லாம் ஐஸ் கரைஞ்ச தண்ணி, மீன் செதில், கால் அப்டியே வழுக்கிட்டு போயிடுச்சு. வண்டி மெதுவா இடது பக்கம் சாயுது, நான் புடிக்கிறேன், ஒரு செகண்டு நிக்குது, அப்புறம் முட்டி விட்டுடுச்சு. வேகமே கெடையாதுங்க, நின்ன எடத்துல உழுந்தேன். லெக் கார்டு இருந்ததால கால் பொழச்சுது.

ஐஸ் தூக்குற பசங்க ரெண்டு பேர் ஓடியாந்து வண்டிய நிமித்துனாங்க. மீன்காரம்மா ஒருத்தங்க பொட்டிய கவுத்து போட்டு "ஒக்காரு நைனா, இன்னா அடி பட்டுச்சா, எங்க காட்டு"ன்னு தண்ணி குடுத்தாங்க. பைலேருந்து கீழ உழுந்த மீன கழுவி திரும்ப போட்டு குடுத்தாங்க. அவங்க முகத்த நான் மறக்க மாட்டேன்.

முட்டி ஒரு வாரம் வீங்கி இருந்துச்சு. எக்ஸ்ரே எடுத்து பாத்த டாக்டர் ஜவ்வு தேய்ஞ்சிருக்குன்னாரு. வண்டி ஓட்டாதீங்கன்னு அவர் சொல்லல, கிக்கர் உதைக்கிற வேலையும் கனமான வண்டிய கால் குடுத்து தாங்குற வேலையும் வேணாம்னாரு. எனக்கு அது பெரிய ஆறுதல். ஏன்னா வீட்ல எல்லாரும் இதோட பைக்க விட்டுடுங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க, மெட்ரோ இருக்கே, ஆட்டோ இருக்கேன்னு. இருக்கு, இல்லன்னு சொல்லல, 2021லேருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ ஓடுது, தூரமா போறதுக்கு நானும் அதுலதான் போறேன். ஆனா காசிமேடு, ரேஷன் கடை, கொருக்குப்பேட்டைல அக்கா வீடு, இதுக்கெல்லாம் மெட்ரோ வராது. தினம் ஆட்டோக்கு குடுக்க பென்ஷன் பத்தாது. அதுவும் இல்லாம, 40 வருஷம் ஓட்டுன கை ஒரே நாள்ல நிறுத்துனா எப்டி இருக்கும்னு ஓட்டுனவங்களுக்கு தெரியும்.

அந்த ஒரு வாரம் கால நீட்டி ஒக்காந்திருந்தப்போ யோசிச்சு பாத்தேன். 30 வருஷத்துல ஓடும்போது நான் உழுந்தது ஒரே ஒரு தடவ, அதுவும் மழைல. கடைசி நாலஞ்சு வருஷத்துல தடுமாறுனது எல்லாமே நிக்கும்போதுதான், தெருவுல ரிவர்ஸ் எடுக்கும்போது, பங்க்ல வரிசைல தள்ளும்போது, ஸ்டாண்டு போடும்போது. ஓடுற வண்டி தன்ன தானே தூக்கிக்கும், அதுக்கு நம்ம பலம் தேவையில்ல. நிக்கிற வண்டி நேரா இருக்குற வரைக்கும் வெய்ட்டு தரைக்கு போவும், சாய ஆரம்பிச்சா நம்ம மேல வரும், கொஞ்சம் சாய்ஞ்சா தொடையால தாங்கிடலாம், அதுக்கு மேல போச்சுன்னா மொத்த வெய்ட்டும் கைக்கும் முட்டிக்கும் வந்துடும். 35 வயசுல அத தூக்கி நிமித்திடுவோம். 63ல முடியாது. அப்போ வண்டி பாக்கும்போது சிசி, மைலேஜ், பிக்கப் எல்லாம் அப்புறம்தான், நின்ன எடத்துல இத நான் தாங்குவனா, அதுதான் மொதல்ல பாக்கணும்.

என் பழைய புல்லட் 160 கிலோவுக்கு மேல. இப்போ வர்ற கிளாசிக் 350 இன்னும் கனம், 195 கிலோ. தம்பி பையன் ஹண்டர் எடுத்துக்கோங்க பெரியப்பா, அது சின்னதுன்னான், பாக்க சின்னதுதான் ஆனா அதுவும் 181 கிலோ. யூனிகார்ன் 140 கிட்ட வருது, நல்ல வண்டி, நெறைய யோசிச்சேன். ஸ்ப்ளெண்டர் 112, ஷைன் 125ம் கிட்டத்தட்ட அதே, ஷைன் 100 வந்து 99 கிலோதான். புல்லட்டுக்கும் ஸ்ப்ளெண்டருக்கும் நடுவுல 50 கிலோ, அதாவது 25 கிலோ அரிசி சிப்பம் ரெண்டு. ரெண்டு சிப்பத்த வண்டில கட்டிட்டு தெனம் ஸ்டாண்டு போடுறதா நெனச்சு பாருங்க, அவ்ளோ வித்தியாசம்.

மகன் பெங்களூர்லேருந்து போன் பண்ணி ஸ்கூட்டர் வாங்குப்பான்னு ஒரே பிடிவாதம். கால தூக்கி போட வேணாம், கியர் இல்ல, அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, இடுப்புல பிரச்சன இருக்குறவங்களுக்கு நானும் ஸ்கூட்டர்தான் சொல்லுவேன். ஆனா எங்க ஏரியா ரோட்ட பாக்கணும், டிரைலர் லாரிங்க ஓடி ஓடி தார் பள்ளமும் மேடுமா வரி விழுந்து கெடக்கும், மழை பேஞ்சா எந்த தண்ணிக்கு அடியில என்ன குழி இருக்குன்னு தெரியாது. ஸ்கூட்டரோட 10 இன்ச், 12 இன்ச் சக்கரம் அந்த குழிக்குள்ள எறங்கிடும், பைக்கோட 18 இன்ச் சக்கரம் தாண்டிடும். எனக்கு இடுப்பு நல்லா இருக்கு, முட்டிதான் பிரச்சன, அதனால பைக்குனே முடிவு பண்ணேன்.

ஷோரூம் போன கத ஒண்ணு சொல்லணும். மொதல்ல போன எடத்துல ஒரு பையன் என் நரைச்ச தலைய பாத்ததும் "அங்கிள் உங்களுக்கு ஸ்கூட்டர் செக்ஷன் அந்த பக்கம்"னான். பைக்தான் வேணும், ஸ்டாண்டுலேருந்து எடுத்து தள்ளி பாக்கணும்னு சொன்னேன், டிஸ்ப்ளே வண்டி தொடக்கூடாதுன்னுட்டான், ஃபோட்டோவ காட்டி புக் பண்ண சொல்றான். எனக்கு மனசு கஷ்டமா போச்சு. காசு குடுத்து வாங்குறவன் தொட்டு பாக்கக்கூடாதுன்னா என்ன நியாயம். வெளிய வந்துட்டேன். அடுத்து போன எடத்துல இருந்த பொண்ணு "தாராளமா பாருங்க சார், எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கோங்க"ன்னு டெஸ்ட் வண்டி சாவியவே குடுத்துடுச்சு.

அங்க நான் பண்ணத அப்டியே சொல்றேன், என் வயசுக்காரங்க யாராவது வாங்க போனா உதவும். ஓட்டி பாக்குறதுக்கு முன்னாடி சென்டர் ஸ்டாண்டு அஞ்சு தடவ போட்டு எடுத்தேன், மொத தடவ எல்லாருக்கும் வரும், அஞ்சாவது தடவ மூச்சு வாங்குதா, முட்டி பேசுதான்னு பாக்கணும். அப்புறம் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு மேல ஒக்காந்து காலால பின்னாடி தள்ளுனேன், பத்தடி. ரெண்டு பாதமும் முழுசா தரையில படணும், நுனி விரல் பட்டா பத்தாது, காசிமேட்டு தரையில நுனி விரல் நிக்காது. ஸ்ப்ளெண்டர் சீட்டு உயரம் 785 மில்லிமீட்டர், எனக்கு அஞ்சடி அஞ்சு, முழு பாதம் பட்டுச்சு. பிளாட்டினா மிருதுவா போவும்னு ஒரு ஃப்ரெண்டு சொன்னாரு, அது 807, எனக்கு குதிகால் எழும்புது, அதனால விட்டுட்டேன். கடைசியா பக்கத்துல ஒருத்தர நிக்க வச்சுட்டு வண்டிய இடது பக்கம் கொஞ்சம் கொஞ்சமா சாச்சு, எது வரைக்கும் என்னால திரும்ப நிமித்த முடியுதுன்னு பாத்தேன். இதுதான் உண்மையான டெஸ்ட். ஸ்ப்ளெண்டர்ல எஞ்சின் சிலிண்டர் முன்னாடி பாத்து படுத்த மாதிரி இருக்கும், 1985ல வந்த சிடி 100 காலத்துலேருந்தே அந்த அமைப்புதான், அதனால வெய்ட்டு கீழ இருக்கு, நல்லா சாஞ்சதுக்கு அப்புறமும் கைக்கு அடங்கி எழுந்து வருது.

ஷைன் 100 இன்னும் 13 கிலோ கம்மி, அத எடுத்தா தப்பே இல்ல. நான் ஸ்ப்ளெண்டர் பக்கம் போனதுக்கு காரணம் எங்க மெக்கானிக். "அண்ணே, ராத்திரி பத்து மணிக்கு எங்க நின்னாலும் இதுக்கு கேபிள் கெடைக்கும், பிளக்கு கெடைக்கும், எந்த பையனுக்கும் பிரிச்சு மாட்ட தெரியும்"னாரு. நம்பி போற வண்டின்னா எனக்கு அதுதான் அர்த்தம். ரிப்பேரே ஆவாத வண்டி எதுவும் இல்ல, ஆனா அந்த ரிப்பேர அடுத்த தெருவுலயே சரி பண்ண முடியணும். செல்ஃபும் இருக்கு கிக்கரும் இருக்கு, பேட்டரி போனா தெருவுல நிக்க வேணாம். செயின் முழுசா கவர் போட்டு மூடி இருக்கு, கடல் காத்தும் மணலும் இருக்குற எங்க பக்கத்துக்கு இது ரொம்ப முக்கியம், இங்க ஸ்போக் கம்பி, செயின், சைலன்சர் எல்லாம் சீக்கிரமே துரு புடிச்சிடும், அதனால அலாய் வீலே எடுத்துக்கோங்க. ஆயில் மாத்த ஒரு லிட்டருக்குள்ளதான்.

2025 செப்டம்பர் 22லேருந்து ஜிஎஸ்டி 28லேருந்து 18 ஆச்சு இல்லையா, அதுக்காக மூணு வாரம் பொறுத்து, ஆயுத பூஜைக்கு முன்னாடி எடுத்தேன். 55 தாண்டுனா லைசென்ஸ் 5 வருஷத்துக்குதான் புதுப்பிச்சு தருவாங்க, டாக்டர் கிட்ட ஃபார்ம் 1ஏங்கிற மெடிக்கல் சர்டிஃபிகேட் வாங்கணும், உங்களுது எப்போ முடியுதுன்னு இன்னிக்கே எடுத்து பாத்துடுங்க.

வண்டி வந்ததும் வேற ஒரு கஷ்டம். 33 வருஷம் வலது கால்ல கியர் போட்ட எனக்கு இப்போ வலது கால்ல பிரேக். சாதாரணமா ஓட்டும்போது ஞாபகம் இருக்கு, யாராவது குறுக்க வந்தா கால் பழைய பழக்கத்துக்கு போவுது, இடது கால் பிரேக்க தேடி கியர மிதிக்குது. இத சரி பண்ணாம மெயின் ரோட்டுக்கு போவக்கூடாதுன்னு பதினஞ்சு நாள் காலைல அஞ்சு மணிக்கு கடற்கரை ஓரமா ஆளில்லாத ரோட்டுல போயி, 30ல போயி நிறுத்து, 40ல போயி நிறுத்துன்னு திரும்ப திரும்ப பழகுனேன். பத்தாவது நாள் நாய் ஒண்ணு குறுக்க ஓடுச்சு, யோசிக்காமயே வலது கால் அழுத்துச்சு. பதினஞ்சு நாளும் முடிஞ்சதுக்கு அப்புறம்தான் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல எறங்குனேன். 125 சிசி வரைக்கும் இருக்குற வண்டிங்கள்ல 2019 ஏப்ரல்ல சிபிஎஸ்ங்கிற கூட்டு பிரேக்கு, இல்லன்னா ஏபிஎஸ், கட்டாயமாச்சு, என் வண்டில சிபிஎஸ், கால் பிரேக்க அழுத்துனா முன் சக்கரமும் கொஞ்சம் புடிக்கும், அதனால வண்டி நேரா நிக்குது.

குறையும் சொல்லணும். கன்டெய்னர் டிரைலர் பக்கத்துல தாண்டும்போது அந்த காத்துக்கு வண்டி ஆடுது, புல்லட் இப்டி ஆடாது. அதனால டிரைலர் பக்கத்துல போறதே இல்ல, இடது பக்கம் நுழையவே மாட்டேன், டிரைவருக்கு நம்ம தெரியவே மாட்டோம். 50க்கு மேல போறதில்ல. இருட்டுன பிறகு அந்த ரோட்டுக்கு போறதில்ல. இத விட்டா எனக்கு வேற குறை தெரியல.

புல்லட்ட வெளியாளுக்கு விக்க மனசு வரல. திருவொத்தியூர் மாமா பேரன் கேட்டான், ஆர்சி அவன் பேருக்கு மாத்தி குடுத்துட்டேன். அவன் ஸ்டார்ட் பண்ணி தெரு முனை திரும்புற வரைக்கும் வாசல்லயே நின்னேன். சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆச்சு.

மறுநாள் காலைல வழக்கம் போல அஞ்சரைக்கு முழிப்பு வந்துச்சு, யாரும் எழுப்பல. வெளிய போயி பாத்தா ஸ்ப்ளெண்டர் எதிர் செவுரு ஓரமா நிக்குது, வாசல் தெளிச்சு ஈரமா இருக்கு, என் வீட்டுக்காரம்மா குனிஞ்சு புள்ளி வச்சிட்டு இருக்காங்க. "நீங்களா தள்ளுனீங்க?"ன்னு கேட்டேன். தல நிமிராமயே "ஆமா, நீங்க போயி தூங்குங்க"ன்னாங்க.