தீர்மானத்தில் ஏறாத பேச்சு

மாவட்ட ஊராட்சிக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் அரைமணி நேரம் பேசினாலும் தப்பில்லை. அவர் வார்டில் ஏறத்தாழ 50,000 பேர் இருக்கிறார்கள். ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலருக்கு 5,000தான். ஆனால் பேசியது தீர்மானப் பதிவேட்டில் ஏறவில்லை என்றால் மறுநாள் அதற்கு மதிப்பில்லை. ஏறினாலும், என்ன வாசகத்தில் ஏறியது என்று பார்க்க வேண்டும்.

"மேலத்தெருவுக்குச் சாலை வசதி செய்து தருதல்" என்று அஜெண்டாவில் ஒரு பொருள் வருகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பொறியாளர் மேசைக்குப் போனதும் அது படுத்துவிடுகிறது. எங்கிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், எந்த நிதி? ஒன்றுக்கும் பதில் இல்லை. அதையே "மாரியம்மன் கோயிலிலிருந்து மேல்நிலைத் தொட்டி வரை, 120 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 செ.மீ. கனம், சிமெண்ட் சாலை" என்று எழுதிப் பாருங்கள். கான்கிரீட் 54 கன மீட்டர் என்று அங்கேயே கணக்கு வந்துவிடும். பின்னால் எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) அளவு மாறினால் தெருக்காரரே டேப் பிடித்துக் கேட்கலாம்.

நிதித் தலைப்பில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் 'டைடு', அதாவது சொன்ன வேலைக்கு மட்டுமே செலவிட வேண்டியது: 30 குடிநீருக்கு, 30 துப்புரவுக்கு. அதில் சாலை கேட்டால் கோப்பு திரும்பி வரும். மீதி 40 'அன்டைடு', அப்படிக் கட்டிப்போடாதது. அந்த மானியமே தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்ட ஊராட்சிக்கு 5 என்று பிரிந்தது. அந்த ஐந்தையும் வார்டு வார்டாகப் பங்கு போட்டால் கைக்கு என்ன வரும்? அதனால் எந்த நிதி வந்தாலும், எந்தத் தலைப்பில் எவ்வளவு இருப்பு என்பதை வேலை கேட்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

அடுத்தது இடம். நெடுஞ்சாலைத் துறைச் சாலையா, ஒன்றியச் சாலையா, நீர்நிலைப் புறம்போக்கா? அந்த இடத்தின் புலப்பட (சர்வே வரைபட) நகலையும், வேறு திட்டத்தில் இந்த வேலை எடுக்கப்படவில்லை என்ற சான்றையும் சேர்த்தே கொடுத்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

அஜெண்டாவில் "பின்னேற்புக்கு" என்று முடியும் பொருளைக் கண்டால் அங்கே நிறுத்திப் படியுங்கள். செலவு ஏற்கெனவே நடந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று அர்த்தம். பில்லைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது உறுப்பினரின் உரிமை. பாதி இடங்கள் பெண்களுக்கு என்று ஆன பிறகும், சில ஊர்களில் அஜெண்டா கணவர் கைக்குத்தான் போகிறது. அது உறுப்பினர் கையில்தான் சேர வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 27 மாவட்டங்களில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனது. அதற்கு முன் நிறைவேறிய தீர்மானங்கள் பதிவேட்டில் அப்படியே இருக்கின்றன. தீர்மான எண், தேதி, பணியின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஊராட்சி அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். தீர்மான நகலோடு, நிர்வாக அனுமதி ஆணையின் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். வேலை எந்த இடத்தில் நின்றது என்பது அதில் தெரியும்.