போனை ஓரமா வெச்சுட்டு ஒரு ஆட்டம்

இப்பல்லாம் போன்ல செஸ் ஆடுறதில்லை. மேசைமேல வைக்கிற பழைய செஸ் கம்ப்யூட்டர்தான். காய் இருக்கிற கட்டத்துல ஒரு அழுத்து, போற கட்டத்துல ஒரு அழுத்து. அது யோசிச்சு, ஓரத்துல சின்ன சிவப்பு விளக்கை எரியவிடும். அதோட காயையும் நாமதான் நகர்த்தணும், துரைக்கு எடுபிடி மாதிரி!

ஆனா லாபமே அதுலதான். எதிராளி குதிரையை நம்ம கையாலேயே எடுத்து வைக்கும்போது, 'இது ஏன் இங்க வருது?'ன்னு யோசிக்காம இருக்க முடியலை.

அமெரிக்காவோட ஃபிடலிட்டி கம்பெனி 1977-ல செஸ் சேலஞ்சர்ங்கிற இந்த மாதிரிப் பெட்டியை விற்பனைக்கு விட்டுச்சு. முதல் மாடல்ல கட்டங்களோட எழுத்தையும் எண்ணையும் இடம் மாத்திப் போட்டிருந்தாங்க, அது தனிக் கூத்து. அப்புறம் ஜெர்மனியோட மெஃபிஸ்டோ. ரிச்சர்ட் லாங் எழுதின புரோகிராமோட 80-கள்ல மைக்ரோகம்ப்யூட்டர் உலகப் பட்டங்களை வரிசையா அள்ளுச்சு.

ஸ்டாக்ஃபிஷ்னு இப்ப இருக்கிற பலமான செஸ் புரோகிராம்கிட்ட தோத்தா ஏன் தோத்தோம்னே புரியாது. இந்தப் பெட்டிகள் அப்படியில்லை. காயைக் காவல் இல்லாம விட்டா உடனே வெட்டும். ராணியெல்லாம் போய், சிப்பாய்கள் மட்டும் மிஞ்சுற எண்ட்கேம்ல திணறும். அங்க இழுத்துட்டுப் போங்க.

டேக்பேக் பட்டனை வெட்கப்படாம அழுத்துங்க. தோத்த இடத்துக்குத் திரும்பிப் போய் வேற வழியில ஆடிப் பார்க்கத்தான் அது இருக்கு.